நீந்தத் தெரிந்த நாய்க்கும் கரை வேண்டும்

சென்ற ஆண்டு நமது சங்கத்தின் பொங்கல் விழாவில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து இலைக்காரர் ஒரு சந்தேகம் கேட்டார். அவர் வீட்டுக்குப் புதிதாக ஒரு லாப்ரடார் குட்டி வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதை நர்மதைக்கு அழைத்துப் போக வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். "நாய்க்குத்தான் பிறவியிலேயே நீச்சல் தெரியுமே சார், இதில் பயப்பட என்ன இருக்கிறது?" என்றார். அதற்குள் பாயசம் வந்துவிட்டது. அன்று பாதியில் நின்ற பதிலை இங்கே முழுதாக எழுதுகிறேன். ஜபல்பூரில் நம்மவர் வீடுகளில் நாய் வளர்ப்பது இப்போது பெருகிவிட்டதால் மற்றவர்களுக்கும் பயன்படலாம்.

நான் மிருக வைத்தியன் அல்ல. டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, பாலங்களையும் கரைகளையும் பார்த்தே ஓய்வு பெற்றவன். தண்ணீர் எப்படிப் போகும் என்பது ஓரளவு தெரியும். அதைவிட முக்கியமான தகுதி ஒன்று உண்டு. நான் தண்ணீரில் ஒரு நாயைப் பறிகொடுத்தவன்.

மணி போன விதம்

மணி சாதாரண நாட்டு நாய். குவார்ட்டர்ஸ் வாசலில் குட்டியாக வந்து ஒட்டிக்கொண்டது. 2009 நவம்பரில் ஒரு காலை, ஊருக்கு வெளியே ஒரு பாசனக் கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தோம். கோதுமைக்குத் தண்ணீர் விட்டிருந்த நேரம். மணி ஒரு கொக்கைத் துரத்திக்கொண்டு ஓடி, சறுக்கி உள்ளே விழுந்தது.

விழுந்ததும் நான் பதறவில்லை. அது நன்றாக நீந்தும். அரை நிமிடத்தில் கரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஏற முடியவில்லை. கால்வாயின் சரிவு முழுவதும் காங்கிரீட். தண்ணீர் தொடும் இடத்தில் பாசி. முன்னங்கால்களை வைக்கும், அரையடி ஏறும், வழுக்கி மறுபடி தண்ணீருக்குள் போகும். நான் நின்ற இடத்திலேயே நின்று "மணி, வா, வா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நான் செய்த பெரிய தவறு அதுதான். என் குரலுக்காக அது ஓட்டத்தை எதிர்த்துத் திரும்பத் திரும்ப என்னிடமே வந்தது. பத்து நிமிடம் இருக்கலாம். முதலில் பின்னங்கால்கள் தாழ்ந்தன. பிறகு தலையும் தாழ்ந்தது.

வயலிலிருந்து ஒரு விவசாயி கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அதைச் சரிவில் இறக்கினால் நாய் நகம் ஊன்றி ஏறிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் நேரம் கடந்துவிட்டது. பிறகு பார்த்தால், ஓட்டத்தின் திசையில் இருநூறு மீட்டர் தள்ளித் துணி துவைக்கும் படிக்கட்டு இருந்தது. நான் கரையோடு அந்தப் பக்கம் நடந்துகொண்டே கூப்பிட்டிருந்தால், மணி ஓட்டத்தோடு வந்து அங்கே ஏறியிருக்கும்.

சரிவு வழவழப்பாக இருந்தால் தண்ணீர் தடையில்லாமல் ஓடும் என்று படித்தவன் நான். வேலையில் எத்தனையோ சரிவுகளைப் பூசச் சொல்லிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஒரு நாயின் நகத்துக்கு அந்த வழவழப்பு என்ன செய்யும் என்பது அன்றுதான் தெரிந்தது. மணியின் சங்கிலியை என் மனைவி ஒரு வருடம் ஆணியிலிருந்து கழற்றவில்லை.

முதலில் ஏறும் வழி

எனவே முதல் விதி இது. நாயை இறக்குமுன், அது ஏறும் வழி எங்கே என்று பாருங்கள். பல நாய்கள் மூழ்குவது நீந்தத் தெரியாததால் அல்ல. வெளியே வர வழியில்லாமல், சோர்ந்துபோய் மூழ்குகின்றன. கால்வாய், கிணறு, நீச்சல் குளம், செங்குத்தான கரையுள்ள குட்டை எல்லாமே இந்த வகைதான். நம் பேடாகாட்டில் பளிங்குப் பாறைகளுக்கு நடுவே ஆறு எவ்வளவு அழகாக இருக்கிறது! ஒரு நாயின் கண்ணால் பார்த்தால் அது இரு பக்கமும் சுவர் எழுப்பிய கிணறு. துவாந்தார் அருவிப் பக்கம் நாயைக் கயிறில்லாமல் விடவே கூடாது.

மணலோ சிறு கூழாங்கல்லோ மெல்லச் சரிந்து இறங்கும் இடமே நல்லது. நாயின் வயிறு நனையும் வரை அது நடந்தே போக வேண்டும். நீச்சல் குளமாக இருந்தால் படி எந்த மூலையில் இருக்கிறது என்பதைப் பத்துப் பதினைந்து முறையாவது நாய்க்குப் பழக்கிக் காட்ட வேண்டும். வீட்டில் தரைக்கடியில் தொட்டி இருந்தால் அதன் மூடி மூடியே இருக்கட்டும்.

க்வாரிகாட் போன்ற படித்துறைகளுக்கு நாயைக் கொண்டுபோக வேண்டாம். அங்கே மக்கள் நர்மதையைத் தாயாக எண்ணிக் குளிக்கிறார்கள், பூஜைக்கு நீர் எடுக்கிறார்கள். பிழைக்க வந்த ஊரின் மரியாதையைக் காப்பது நம் கடமை. கணேசர், துர்க்கை சிலைகளைக் கரைத்த இடங்களில் ஆணியும் கம்பியும் மூங்கில் முனைகளும் நீருக்கடியில் கிடக்கும் என்பது இன்னொரு காரணம். பரியட் ஆற்றுப் பக்கமோ போகவே வேண்டாம். அங்கே முதலைகள் இருப்பது ஊரறிந்த செய்தி.

எல்லா நாயும் ஒன்றல்ல

லாப்ரடார் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களோடு வாழ்ந்த நாய்களின் வழிவந்தது. இரட்டை மயிர்ப் போர்வை, சுக்கான் போன்ற தடித்த வால், விரல்களுக்கிடையே நல்ல சவ்வு எல்லாம் அதற்கு உண்டு. 2003இல் ஒரு செல்போன் விளம்பரத்தில் வந்து நாடெங்கும் பரவிய பக் நாய்க்கு இதெல்லாம் கிடையாது. முகம் தட்டையாக இருப்பதால், மூக்கை நீருக்கு மேலே வைக்க அது தலையை நிமிர்த்த வேண்டும். தலை நிமிர்ந்தால் பின்பாகம் அமிழும். புல்டாக்குக்கும் இதே கதி. டாக்ஸ்ஹண்டுக்கு உடல் நீளம், கால் குட்டை. இவற்றை மிதவைச் சட்டை இல்லாமல் ஆழத்தில் விடக் கூடாது.

நம் பக்கத்து ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களை இங்கேயும் சிலர் ஆசையாக வளர்க்கிறார்கள். அவை ஓட்டத்துக்குப் பிறந்தவை. உடலில் கொழுப்பு குறைவு. ஆகவே மிதப்பதும் குறைவு, குளிரும் சீக்கிரம் தாக்கும். நம் ஊர் டிசம்பர், ஜனவரிக் குளிரில் எந்த நாயையும் நெடுநேரம் நீரில் விடாதீர்கள். குட்டி, கிழநாய், வலிப்பு நோயுள்ள நாய் ஆகியவற்றுக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

தூக்கிப் போட்டால் தானே கற்றுக்கொள்ளும் என்று எங்கள் காவிரிக் கரையில் சிறு வயதில் சொல்வார்கள். அது தவறு. அப்படிப் போட்ட குட்டி ஆயுளுக்கும் தண்ணீரைக் கண்டு பயப்படும். நீங்கள் முதலில் இறங்கி, வயிற்றுக்கடியில் கை கொடுத்து, நாலு கால்களும் சேர்ந்து இயங்கும் வரை தாங்குங்கள்.

நீரின் வேகமும் உயரமும்

வேகம் பார்க்கக் கருவி வேண்டாம். கரையில் பத்து மீட்டர் அளந்துகொண்டு, ஒரு காய்ந்த இலையை ஓட்டத்தில் போட்டு எண்ணுங்கள். இருபது விநாடியில் கடந்தால் மணிக்கு 1.8 கிலோமீட்டர். பத்து விநாடியில் கடந்தால் 3.6 கிலோமீட்டர், அதாவது நாம் நிதானமாக நடக்கும் வேகம். கேட்கச் சிறிதுதான். ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் நீர் தள்ளும் விசை நான்கு மடங்காகும். இலை உங்கள் நடைக்குச் சமமாகப் போனால் அன்று நீச்சல் வேண்டாம்.

ரயில்வே பாலத் தூண்களில் அபாய மட்டத்தைச் சிவப்புப் பட்டையாகத் தீட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே முறையை நீங்களும் செய்யலாம். போய்ச் சேர்ந்ததும், தண்ணீர் தொடும் விளிம்பில் ஒரு கல்லை வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதைப் பாருங்கள். கல் நனைந்துவிட்டால் கேள்வி கேட்காமல் எல்லோரும் மேலே ஏற வேண்டும். நமக்கு மேலே பர்கி அணை இருக்கிறது. இங்கே வானம் வெளுத்திருந்தாலும், அங்கே மதகு திறந்தால் இங்கே நீர் ஏறும்.

2021 செப்டம்பரில் இது எனக்கே நடந்தது. மணிக்குப் பிறகு பல வருடம் கழித்து வந்த ராணி நீரில் விளையாடிக்கொண்டிருந்தாள். பேரன் பாறை மேல் உட்கார்ந்திருந்தான். விளிம்பில் வைத்த கல்லைக் காணோம். "தாத்தா, கல்லு போயிடுச்சு" என்றான் அவன். அப்போதே ஒரு படகோட்டியும் "பானீ பட் ரஹா ஹை, பாபுஜி!" என்று கத்தினார். ராணியைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு மேலே வந்தோம். அரைமணி நேரத்தில் பையன் உட்கார்ந்திருந்த பாறையே தெரியவில்லை.

சட்டையும் கயிறும்

நாய்க்கென்றே மிதவைச் சட்டை கிடைக்கிறது. முதுகில் கெட்டியான கைப்பிடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நனைந்த நாயைப் படகிலோ கரையிலோ தூக்க அந்தக் கைப்பிடிதான் உதவும். கழுத்தை இறுக்கும் சங்கிலியைக் கழற்றிவிட்டு, மார்புப் பட்டையில் பத்து மீட்டர்க் கயிற்றைக் கட்டுங்கள். பருத்திக் கயிறு நனைந்து கனத்து மூழ்கும். கடையில் மஞ்சள், நீல நிறத்தில் விற்கும் பிளாஸ்டிக் கயிறு மிதக்கும். நுனியில் முடிச்சோ வளையமோ வேண்டாம், பாறையில் சிக்கும். கயிற்றைக் கையில் பிடியுங்கள். கல்லிலோ மரத்திலோ கட்டாதீர்கள். கட்டிய நாயை ஓட்டம் நீருக்கடியில் அழுத்திவிடும்.

குடிக்கும் தண்ணீர்

பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று. பந்தை எறிய எறிய நாய் எடுத்து வரும். ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து பந்தைக் கவ்வும்போது தண்ணீரும் உள்ளே போகும். மிக அதிகமாகப் போனால் இரத்தத்தில் உப்புச் சத்து நீர்த்து மூளை வீங்கும். வயிறு உப்புதல், வாந்தி, எச்சில் வடிதல், தள்ளாட்டம், பிறகு வலிப்பு என்று சில மணி நேரத்தில் உயிருக்கே வந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை கரையேற்றி ஓய்வு கொடுங்கள். பெரிய பந்துக்குப் பதில் வாயை அதிகம் திறக்கத் தேவையில்லாத தட்டையான பொருளை எறியுங்கள். குடிக்க வீட்டுத் தண்ணீர் கொண்டுபோங்கள்.

தேங்கிய குளத்தில், கோடையில், மேலே பச்சைப் பெயிண்ட் ஊற்றியது போல ஆடை படர்ந்திருந்தால் கிட்டேயே போக வேண்டாம். அதில் சில வகை நுண்ணுயிர்கள் விஷம் கக்கும். மாற்று மருந்து கிடையாது. சில மணி நேரத்திலேயே நாய் இறக்கலாம். தெரியாமல் இறங்கிவிட்டால், மயிரை அது நக்குமுன் நல்ல நீரில் கழுவி உடனே மருத்துவரிடம் போங்கள். மழைக்காலத் தேக்கத்தில் எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் உண்டு. அது நாயிடமிருந்து நமக்கும் வரும். ஆண்டுதோறும் அதற்கான தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

வீடு திரும்பிய பின்

நல்ல தண்ணீரில் குளிப்பாட்டித் துவட்டுங்கள். தொங்கு காதுகளைத் தூக்கி உட்புறத்தை மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள். குச்சியை உள்ளே விடாதீர்கள். மறுநாள் வால் தொங்கிப்போய் ஆட்ட முடியாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். அதிக நீச்சலால் வால் தசை பிடித்துக்கொள்வது உண்டு. ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சில நாளில் சரியாகும். வலி அதிகமானால் மருத்துவரிடம் காட்டுங்கள். மனிதர் மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது.

ஆபத்து நேர்ந்தால்

நாயைக் காப்பாற்றக் குதித்து உயிர் விட்டவர்கள் உண்டு. குதிக்காதீர்கள், பிள்ளைகளைக் குதிக்க விடாதீர்கள். பயந்த நாய் உங்கள் மேலேயே ஏறி உங்களை அமிழ்த்தும். கரையிலிருந்தபடி ஓட்டத்தின் திசையில் நடந்துகொண்டே, ஏறும் இடத்தை நோக்கிக் கூப்பிடுங்கள். சரிவு வழுக்கினால் கோணிச் சாக்கு, நனைந்த போர்வை, கட்டில் எதையாவது விரித்து, மேல்முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிணறானால் கட்டிலின் நாலு மூலையிலும் கயிறு கட்டி இறக்க வேண்டும். கிணற்றில் விழுந்த சிறுத்தையைக்கூட நம் நாட்டில் இப்படி மேலேற்றியிருக்கிறார்கள்.

வெளியே எடுத்த நாய்க்கு மூச்சு இல்லையென்றால், தலை சற்றுத் தாழ இருக்கும்படி பக்கவாட்டில் படுக்க வையுங்கள். வாயில் சேறோ இலையோ இருந்தால் எடுங்கள். தலைகீழாகத் தூக்கி உலுக்கி நேரத்தை வீணாக்க வேண்டாம். மார்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 வீதம் முப்பது முறை அழுத்துங்கள். பிறகு வாயை மூடிப் பிடித்து மூக்கு வழியாக இரண்டு முறை ஊதுங்கள். இதையே தொடர்ந்தபடி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எழுந்து வாலாட்டினாலும் கொண்டுபோகத்தான் வேண்டும். நுரையீரலில் புகுந்த நீர் பல மணி நேரம் கழித்தும் தொல்லை தரும். நம் ஊரிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நம் அதிர்ஷ்டம்.

இவ்வளவையும் படித்துவிட்டு நண்பர் குட்டியை வீட்டிலேயே பூட்டி வைத்துவிடக் கூடாது. கோடை வெயிலில் தண்ணீரைக் கண்ட நாயின் மகிழ்ச்சிக்கு ஈடே கிடையாது. ராணிக்கு இப்போது வயதாகிவிட்டது. என்றாலும் பேரன் அவளை ஆற்றுக்கு அழைத்து வந்தால் முதல் வேலையாகக் குனிந்து விளிம்பில் ஒரு கல்லை வைக்கிறான். நான் சொல்ல வேண்டியதில்லை.

பந்தியில் கேட்ட நண்பருக்கு ஒரு வார்த்தை. குட்டியை நர்மதைக்குக் கொண்டுபோகும் முதல் ஞாயிறு எனக்குச் சொல்லியனுப்புங்கள். நானும் வருகிறேன். கயிறு என்னிடம் இருக்கிறது.