மூடிய பாதையும் அதன் மறுமுனையும்: வி.பி.என். வசதியுள்ள ரவுட்டரைத் தேர்ந்தெடுத்தல்

1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அழிக்கும் வரை, மூணாறில் ஒரு சிறு ரயில் ஓடியது. குண்டலைப் பள்ளத்தாக்கு வழியே அது டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டிகளைக் கொண்டு சென்றது. அங்கிருந்து பெட்டிகள் ரோப்வே வழியாக மலையடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. கம்பியில் தொங்கிச் செல்லும் பெட்டியை வழியில் எவரும் தொட இயலாது. கொட்டகுடியை அடைந்த பிறகோ, அதன் பாதுகாப்பு அங்கே பெற்றுக்கொள்பவரின் நேர்மையைச் சார்ந்தது.

வி.பி.என். எனப்படும் மெய்நிகர் தனியார் வலையமைப்பும் இத்தகையதே. நம் வீட்டிலிருந்து வி.பி.என். நிறுவனத்தின் சர்வர் வரை தகவல்கள் மறையாக்கம் பெற்றுச் செல்கின்றன. அதற்கப்பால் அவை வழக்கமான இணையப் பாதையிலேயே பயணம் செய்கின்றன. இந்த வசதியை ரவுட்டரிலேயே அமைத்துவிட்டால், கைப்பேசி, தொலைக்காட்சி, கண்காணிப்புக் கேமரா என வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒரே பாதையில் செல்லும்.

இன்று மூணாறில் பல வீடுகள் தங்கும் விடுதிகளாகவும் இயங்குகின்றன. விருந்தினர் படம் பார்ப்பதும், வீட்டுப் பிள்ளை அலுவலகப் பணி செய்வதும், உரிமையாளர் யு.பி.ஐ. வழியே பணம் பெறுவதும் ஒரே இணைப்பில்தான். ஆகவே ரவுட்டரைத் தேர்ந்தெடுப்பது கணக்கிலுள்ள பணத்தோடும் தொடர்புடையது.

பெட்டியின் மேல் எழுதியிருப்பது

ரவுட்டர் பெட்டியில் ‘வி.பி.என்.’ என்னும் எழுத்துகளைக் கண்டதும் வாங்கிவிடக் கூடாது. ‘பாஸ்த்ரூ’ என்றால், வேறொரு கருவி ஏற்படுத்தும் வி.பி.என். இணைப்பை ரவுட்டர் கடந்துசெல்ல விடும் என்று மட்டுமே பொருள். ‘வி.பி.என். சர்வர்’ என்பது வெளியூரிலிருந்து நம் வீட்டு இணைப்புக்குள் நுழைய உதவுவது. வீட்டுக் கருவிகள் அனைத்தையும் வெளியிலுள்ள வி.பி.என். சேவையோடு இணைக்க வேண்டுமெனில், ‘வி.பி.என். கிளையன்ட்’ வசதி இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது வேகம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் வை-ஃபைக்கு உரியது, வி.பி.என். வேகம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். மறையாக்கும் வேலை முழுவதும் ரவுட்டரின் சிறிய செயலியின் மீது விழுவதே காரணம். பழைய ‘ஓப்பன் வி.பி.என்.’ முறை செயலிக்குப் பெருஞ்சுமை தரும். 2020 முதல் லினக்ஸ் கருவகத்தில் இடம்பெற்றுள்ள ‘வயர்கார்டு’ முறை, விலை குறைந்த ரவுட்டர்களிலும் கூடுதல் வேகம் தர வல்லது. ‘பி.பி.டி.பி.’ முறை மட்டுமே உள்ள ரவுட்டரைத் தவிர்த்துவிடலாம். அதன் பாதுகாப்புக் குறைகள் நெடுங்காலமாகவே அறியப்பட்டவை.

ஃபைபர் இணைப்போடு நிறுவனம் தரும் பெட்டியில் பெரும்பாலும் கிளையன்ட் வசதி இருப்பதில்லை. அதை அகற்ற வேண்டியதில்லை. அதன் பின்னால் நம் ரவுட்டரை ஈதர்நெட் கம்பியால் இணைத்தால் போதும்.

வங்கிப் பரிமாற்றத்துக்குத் தனி வழி

வங்கியின் இணையதளமும் செயலியும் ஏற்கெனவே மறையாக்கத்துடனேயே இயங்குகின்றன. வி.பி.என். வழியே நுழையும்போது, நாம் வேறொரு நாட்டிலிருந்து வருவதாக வங்கிக்குத் தோன்றலாம். அதனால் பரிமாற்றம் தடைபடவும் கூடும். எனவே எந்தக் கருவி வி.பி.என். வழியே செல்ல வேண்டும், எது நேரடியாகச் செல்ல வேண்டும் என்று பிரித்து அமைக்கும் வசதி ரவுட்டரில் இருப்பது நன்று. வங்கிச் செயலி உள்ள கைப்பேசியை நேரடிப் பாதையில் வைத்துக்கொள்ளலாம்.

விருந்தினர் வந்து தங்கும் வீட்டுக்கு வி.பி.என்.னை விட முதன்மையானது தனி விருந்தினர் வை-ஃபை. அவர்களின் கருவிகள் நம் கணினியையும் கேமராவையும் அணுகாதவாறு அது தடுக்கும்.

மறுமுனையில் இருப்பவர் யார்?

வி.பி.என். நிறுவனத்தால் நாம் எந்தத் தளங்களுக்குச் செல்கிறோம் என்பதை அறிய முடியும். இலவசச் சேவையை நாடுவோர், அந்நிறுவனத்துக்கு வருவாய் எங்கிருந்து கிடைக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று ஆணையிட்டது. அதன்பின் சில வெளிநாட்டு நிறுவனங்கள் தம் சர்வர்களை இந்தியாவிலிருந்து அகற்றிக்கொண்டன. பணம் செலுத்துமுன் இவ்விவரங்களைக் கேட்டறிவது நலம்.

ரவுட்டரும் தாக்குதலுக்கு உள்ளாகக்கூடிய ஒரு கணினியே. 2018இல் ‘வி.பி.என். ஃபில்டர்’ என்னும் தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளைப் பற்றியது. ஆகவே பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தொடர்ந்து வழங்கும் நிறுவனத்தின் ரவுட்டரையே வாங்குவோம். அதனுடன் வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுவோம்.

மழைக்காலத்தில் மின்சாரம் போய்வரும் மலைப்பகுதியில் இன்னொரு சோதனையும் தேவை. ரவுட்டரை நிறுத்தி மீண்டும் இயக்கிப் பாருங்கள். வி.பி.என். தானாகவே இணைகிறதா, இணையும் வரை தகவல்கள் திறந்த பாதையில் செல்லாமல் தடுக்கும் ‘கில் ஸ்விட்ச்’ வேலை செய்கிறதா என்று கவனியுங்கள். பொருளைத் திருப்பித் தரும் காலக்கெடுவுக்குள் இதைச் செய்துவிடுவது நல்லது.

எந்த ரவுட்டரும், நாமே பிறருக்குச் சொல்லிவிடும் ஓ.டி.பி.யைக் காக்காது. மோசடி நேர்ந்ததாக ஐயம் எழுந்தால், உடனே வங்கிக்கும் 1930 என்னும் உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள்.