கூப்பிடாத வண்டி

கோயமுத்தூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-ஆம் ஆண்டு பிறந்த ஜி. டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஏறிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்ட நாள்முதல் அதன்மேல் தீராத மோகங்கொண்டு, ஹோட்டலில் பரிமாறும் வேலையில் அமர்ந்து காசு சேர்த்து, கடைசியில் ஒரு ரட்ஜ் வண்டியையே விலைக்கு வாங்கி, அதைத் திருகு திருகாகக் கழற்றிப்போட்டு மறுபடியும் பூட்டினார் என்பது கொங்கு நாட்டில் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டன்மார் சலிக்காமல் சொல்லிவரும் சரித்திரம். முதல் உலக யுத்த காலத்தில் திருப்பூரில் பஞ்சுத் தொழில் செய்தவர் அவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கியவரும் அவரே. இப்படிப்பட்ட பூர்விகம் வாய்த்த பிரதேசத்தில், சொந்த வண்டியைப் பிறர் கையில் கொடுத்துப் பழுதுபார்ப்பது ஒரு தலைமுறைக்கு முன்புவரை சற்றுக் கௌரவக் குறைவாகக் கருதப்பட்டதில் வியப்பில்லை. அந்த அபிமானம் இவ்வளவு ஓசையின்றி வற்றிப்போனதுதான் வியப்பு.

அந்நாளில் திருப்பூரில் சனிக்கிழமை மாலை சம்பளப் பட்டுவாடா முடிந்து, ஞாயிறன்று பனியன் கம்பெனிகளின் இரைச்சல் அடங்கியபின், அம்பாசடரோ ஃபியட்டோ வைத்திருந்த குடும்பஸ்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் இறங்கினாரென்றால், உச்சிப்பொழுதுக்கு முன் அவரை வீட்டுக்குள் வரவழைக்க யாராலும் ஆகாது. முன்சக்கரங்களின் அருகே இருக்கும் நிப்பிள்களில் கிரீஸ் கன்னை வைத்து அழுத்த வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, கருகிய பாயின்டை உப்புத்தாளால் தேய்த்து, அதன் இடைவெளியை ஃபீலர் கேஜால், அது அகப்படாவிட்டால் பழைய கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தைக் கிழித்து, அளக்க வேண்டும். கார்புரேட்டரில் படிந்த கசடைப் பெட்ரோலால் கழுவ வேண்டும். பாட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் வார்க்க வேண்டும். ஐப்பசி மழையில் நனைந்த விடியற்காலையில் செல்ஃப் எடுக்காமல் போனால், முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுழற்றத் தோள்வலிமையும் பொறுமையும் வேண்டும். இவ்வளவும் செய்து முடித்து, எஞ்சின் பிசிறில்லாமல் ஓடும் சத்தத்தை அவர் தலைசாய்த்துக் கேட்டுக்கொண்டு நிற்கையில், சங்கீத சபையின் முதல் வரிசை ரசிகர்கூட அவரிடம் பாடம் கற்க வேண்டும்.

இந்த ஈடுபாட்டை ஒரு வித்தையென்றும், சிலர் ஒருவகை யோகமென்றும் புகழ்ந்து பேசி வந்திருக்கிறோம். அந்தப் புகழ்ச்சியில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அந்த வித்தைக்குக் காரணம் மனிதனின் சுபாவத்தைக் காட்டிலும் வண்டியின் சுபாவமே என்பது என் அபிப்பிராயம். வண்டி அடிக்கடி கூப்பிட்டது, அவர் போனார். பிரயாணத்தின் நடுவில், அவிநாசிக்கும் சோமனூருக்கும் இடையே, பட்டறை எதுவும் கண்ணுக்கெட்டாத இடத்தில் நின்றுவிடக்கூடிய வண்டியை வைத்திருப்பவன், அதன் உள்விவகாரங்களை அறியாமல் இருப்பது சாத்தியமேயில்லை. அந்த நிர்ப்பந்தத்தையே நாளடைவில் நாம் ருசியாக மாற்றிக்கொண்டோம்.

வண்டி கூப்பிடுவது படிப்படியாகத்தான் நின்றது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, பழைய வண்டிகளைப்போல் அன்றாடம் சிசுருஷை கேட்கவில்லை. 2000-ஆம் ஆண்டையொட்டிக் கார்புரேட்டர் போய், எரிபொருளைக் கணக்கிட்டுச் செலுத்தும் மின்னணுப் பெட்டி வந்தது. தண்ணீர் வார்க்க வேண்டாத பாட்டரி, கிரீஸ் கேட்காத பேரிங், 10,000 கிலோமீட்டருக்கோ வருஷத்துக்கோ ஒருமுறை மட்டும் மாற்றினால் போதுமென்கிற ஆயில் ஆகியவை ஒவ்வொன்றாக வந்து, ஞாயிற்றுக்கிழமைக் காரியங்களை ஒவ்வொன்றாக அடித்துவிட்டன. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் அமலுக்கு வந்தபின், புகைபோக்கியின் சுவாசத்தைக்கூட ஸென்ஸர்களே மோப்பம் பிடிக்கின்றன. இன்று பானெட்டைத் திறந்தால் தெரிவது பெரும்பாலும் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி. அதைப் பார்த்துவிட்டு மறுபடி மூடுவதைத் தவிர வேறு காரியம் இல்லை. "முன்னெல்லாம் சத்தத்தக் கேட்டே சொல்லிப்போடுவமுங்க, இப்ப ஸ்கேனரைச் சொருகிப் பாத்தாத்தானுங்க எங்களுக்கே தெரியுது" என்று சொல்லும் மெக்கானிக்குகளைப் பல்லடம் ரோட்டில் எந்தப் பட்டறையிலும் காணலாம். தொழில்காரனின் செவிக்கே இந்தக் கதி நேர்ந்திருக்கையில், குடும்பஸ்தரைக் குற்றம் சொல்வது அநியாயம்.

ஆயினும் திருப்பூரில் இந்த மாற்றத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது வண்டியில் இல்லை, ஊரின் தொழில்முறையில் இருக்கிறது. 1925-ஐ ஒட்டிச் சில பின்னல் யந்திரங்களோடு தொடங்கி, முப்பதுகளில் பைக்காரா நீர்மின்சாரம் இந்தப் பக்கம் வந்த பிறகு வேகங்கண்ட இத்தொழிலில், விவசாயக் குடும்பங்களிலிருந்து தொழிலாளிகளாக வந்து, யந்திரத்தோடு பழகிப் பழகியே முதலாளிகளானவர்கள் அநேகர். தங்கள் உழைப்பையே மூலதனமாக அவர்கள் எடுத்துச் சொல்லும் விதத்தை ஷரத் சாரி என்னும் ஆராய்ச்சியாளர் 2004-இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஊசி உடைந்து துணியில் கோடு விழுந்தால் ஃபிட்டருக்காகக் காத்திராமல் தாமே மாற்றிய முதலாளியே, ஞாயிற்றுக்கிழமை பாயின்ட் தேய்த்த குடும்பஸ்தரும். ஆனால் தொழில் பெருகப் பெருக, நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் வேறிடம், பிரிண்டிங் இன்னோரிடம், கட்டிங்கும் பவர் டேபிளும் செக்கிங்கும் அயர்னிங்கும் தனித்தனி என்று ஜாப் ஒர்க் முறை ஊரெங்கும் பரவியது. எல்லாவற்றையும் நானே செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தவனுக்கு ஷிப்மென்ட் தேதி தவறியது. ஆறு நாளும் வேலையைப் பிரித்துக் கொடுப்பதே சாமர்த்தியமென்று அனுபவத்தால் கற்ற மனிதன், ஏழாம் நாள் மட்டும் காரடியில் படுத்துக்கொண்டு ஆயில் ஃபில்டரோடு மல்லுக்கட்டுவான் என்று எதிர்பார்க்க முடியாது. போதாக்குறைக்கு, இது வெள்ளைத் துணியைத் தொட்டுப் பிழைக்கும் ஊர். ஒரு பீஸில் எண்ணெய்க்கறை பட்டால் செக்கிங்கில் ஒதுக்கிவிடுவார்கள். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு ஆயில் ஒரு சோப்புக்கும் அசையாதென்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆர்வம் தானாக வற்றிய கதை மட்டும் இதுவென்று சொல்லிவிடவும் முடியாது. ஓரளவு அது வற்றவைக்கவும் பட்டது. 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் மாருதி 800-இன் உற்பத்தியும், மே மாதத்தில் அம்பாசடரின் உற்பத்தியும் நின்றன; அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார்க் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அசல் உதிரிப் பாகங்களையும், பழுதறியும் கருவிகளையும், தொழில்நுட்பக் குறிப்புகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. மேல்முறையீடுகள் தொடர்ந்தன என்பது வேறு விஷயம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வாக்காளர்கள் 2012-லேயே கார்களைப் பழுதுபார்க்கும் உரிமையை வாக்களித்துப் பெற்றார்கள்; நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில் அதே உரிமைக்கென்று ஓர் இணையதளத்தைத் தொடங்கி, மோட்டார் வாகனங்களையும் அதில் சேர்த்தது. காசு கொடுத்து வாங்கிய வண்டியின் அந்தரங்கம் வாங்கியவனுக்கே மறைக்கப்படும்போது, அவன் சிரத்தை குன்றுவதைச் சோம்பல் என்று பெயரிட்டு அழைப்பவர்கள், சாவியைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரன் வீட்டைக் கவனிக்கவில்லை என்று குறைகூறுபவர்களே.

இவ்வளவுக்கும் நடுவே பழைய டி.வி.எஸ். 50 ஒன்று மட்டும் மாறாமல் நின்று பார்த்தது. 1980-இல் வந்த அந்த மொபெட்டின் மேல் பனியன் துணி மூட்டையை மலைபோல் கட்டிக்கொண்டு போகிறவர், நடுவழியில் நின்றால் பிளக்கைக் கழற்றித் தேய்த்துப் போட்டு அடுத்த ஐந்து நிமிஷத்தில் புறப்பட்டுவிடுவார். அவரிடம் போய் ஈடுபாடு, ருசி என்றெல்லாம் பேசினால் சிரிப்பார். மூட்டை போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான்.

வீட்டிலேயே ஆயில் மாற்றிய பழக்கம் போனதில் எனக்கு ஒரு சந்தோஷமும் உண்டு. எடுத்த பழைய ஆயிலை நம்மில் பலர் வேலியோரத்திலோ சாக்கடையிலோதான் கொட்டினோம். திருப்பூரில் சாக்கடையில் கொட்டியது கடைசியில் நொய்யல் ஆற்றுக்கே போகும். ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கியதற்கும், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்கும் முதலாளிகளைப் பழித்த அதே வாயோடு, நாம் சட்டப்படி அபாயகரமான கழிவான எஞ்சின் ஆயிலை ஆற்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். பட்டறைக்காரர் அதைப் பீப்பாயில் சேர்த்து மறுசுத்திகரிப்புக்குக் கொடுப்பாரென்றால், அந்த ஒரு காரணத்துக்காகவே அவருக்குக் கூலி கொடுக்கலாம்.

ஆகவே, ஸ்பானர் பெட்டியில் துரு ஏறுவதைக் கண்டு மனச்சாட்சி உறுத்துகிறவர்களுக்கு என் யோசனை, அந்த உறுத்தலை விட்டுவிடலாம் என்பதே. கைவேலையை விடுங்கள், கண்ணை மட்டும் விடாதீர்கள். ஜாப் ஒர்க்குக்குத் துணியைக் கொடுத்த எந்த முதலாளியும் திரும்பி வந்த துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்காமல் எடுத்துக்கொள்வதில்லை. காரை மட்டும் பில் பணத்தைக் கட்டிவிட்டு அப்படியே ஓட்டிவந்துவிடுகிறோம். எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலைவேளையில், சமதரையில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி செருகி எடுத்து, ஆயில் இரண்டு குறிகளுக்கும் இடையில் நிற்கிறதா என்று பார்க்க எந்த ஸ்கேனரும் வேண்டாம். கூலன்ட் அளவும் டயரின் காற்றும் அப்படியே. அடுத்தமுறை சர்வீஸுக்கு விடும்போது, மாற்றிய பழைய பாகங்களைக் கட்டாயம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிற பட்டறைக்கு மறுமுறை போகாதீர்கள்.