மூடியைத் திறக்கலாமா?

அலமாரியில் ஓடாமல் கிடக்கும் எச்எம்டி ஜனதா கைக்கடிகாரத்தைக் கடைக்குக் கொண்டுபோவதா, நாமே திறந்து பார்ப்பதா? மூடிக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பதே நல்லது.

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961இல் பெங்களூரில் எச்எம்டி கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அந்த வழியில் வந்தது ஜனதா. சாவி கொடுக்கும்போது உள்ளே மெயின் ஸ்பிரிங் இறுகுகிறது. அது தளரும் விசை பற்சக்கரங்கள் வழியாகப் பேலன்ஸ் சக்கரத்துக்குப் போகிறது. மணிக்கு 18,000 முறை அந்தச் சக்கரம் அங்குமிங்கும் ஆடுகிறது. ஆட்டத்தை அளவாக வைத்திருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஹேர்ஸ்பிரிங். சாமணத்தின் நுனி தவறி அதில் பட்டாலே போதும், நேரம் கெட்டுவிடும்.

அதனால் சாவி வாட்சைப் பிரித்துச் சுத்தம் செய்வதைத் தேர்ந்தவரிடமே விட வேண்டும் என்பேன். ஸ்பிரிங்கின் விசையை முதலில் மெல்ல இறக்காமல் உறுப்புகளைக் கழற்றினால், சக்கரங்கள் கட்டுக்கடங்காமல் சுழன்று அச்சு முனைகள் முறியக்கூடும். எண்ணெயும் எல்லா இடத்துக்கும் ஒன்றல்ல. சில முனைகளுக்கு எண்ணெயே கூடாது. கடைக்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: முழுவதும் பிரித்துச் சர்வீஸ் செய்வாரா, அப்படியே பெட்ரோலில் முக்கி எடுப்பாரா? இரண்டாவது பதில் வந்தால் வேறு கடை பாருங்கள்.

வார் மாற்றுவதற்கு யாரும் வேண்டாம். குவார்ட்ஸ் வாட்சுக்குச் செல் மாற்றுவதும் எளிதுதான். பல வாட்சுகளில் விநாடி முள் இரண்டிரண்டாகவோ நான்கு நான்காகவோ தாவினால், செல் தீரப்போகிறது என்று பொருள். தீர்ந்த செல்லை உள்ளேயே விட்டால் கசிந்து சர்க்யூட்டை அரித்துவிடும். ஆனால் தண்ணீர் புகாத வாட்ச் என்றால், மூடியைத் திறந்த பிறகு அழுத்தச் சோதனை தேவை. அது கடையில்தான் நடக்கும்.

சாவி வாட்ச் திடீரென்று வேகமாக ஓடினால் திசைகாட்டியின் அருகே வைத்துப் பாருங்கள். முள் வேகமாகத் துள்ளினால் காந்தம் ஏறியிருக்கலாம். மூடியைத் திறக்காமலே காந்தத்தை நீக்கும் சிறு கருவி மலிவாகக் கிடைக்கிறது.

இருட்டில் ஒளிரும் முட்கள் கொண்ட மிகப் பழைய வாட்சை மட்டும் வீட்டில் திறக்கவே வேண்டாம். அந்தப் பூச்சு ரேடியமாக இருக்கலாம். அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு மங்கியிருக்காது. உதிரும் தூசு மூச்சில் போவது ஆபத்து.

கற்றுக்கொள்ளும் ஆசை இருப்பவர்கள், யாருக்கும் வேண்டாத ஒரு வாட்சை வாங்கிப் பிரித்துப் பழகுங்கள். அப்பாவின் ஜனதாவில் தொடங்காதீர்கள். எச்எம்டி வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016இல் முடிவெடுத்துவிட்டது. முறிந்த உறுப்புக்கு மாற்று வேண்டுமென்றால் பெரும்பாலும் இன்னொரு பழைய வாட்சிலிருந்துதான் எடுக்க வேண்டும்.