ஜெராக்ஸ் கடையில் விட்டுவந்த கோப்பு

சாலவாக்கம் பக்கத்தில் பட்டா நகல் வேண்டுமா, பிள்ளைக்கு வருமானச் சான்று வேண்டுமா, கால் தானாகப் போய் நிற்கும் இடம் இ-சேவை மையம். அங்கே கூட்டமாக இருந்தால் ஜெராக்ஸ் கடை. "அண்ணா, ஆதார் ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்று போனை நீட்டுகிறோம். ஓடிபி வருகிறது. அதை வாய்விட்டுச் சொல்கிறோம், பின்னால் நிற்கும் நாலு பேருக்கும் கேட்கிறது. பிரிண்ட் வந்ததும் காசைக் கொடுத்துவிட்டுப் பஸ் பிடிக்க ஓடுகிறோம். தாள் நம் பையில் இருக்கிறது. கோப்பு கடைக்காரர் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடுகிறது.

அப்படிப்பட்ட ஒரு கம்ப்யூட்டரின் டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்தால், ஒரே பெயரில் 1, 2, 3 என்று எண் போட்டு ஊரார் ஆதாரெல்லாம் வரிசையாகக் கிடக்கும். "அதுதான் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கே" என்பார்கள். இ-ஆதாரின் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும். பக்கத்திலேயே அதே ஆளின் மதிப்பெண் பட்டியல் ஸ்கேன் ஆகிக் கிடந்தால், பூட்டும் சாவியும் ஒரே ஃபோல்டரில்.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் இதைப் பற்றியும் சேர்த்து ஓர் அறிவிப்பு விட்டது: பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் இ-ஆதாரை இறக்காதீர்கள், இறக்கினால் எல்லா நகலையும் நிரந்தரமாக அழித்துவிடுங்கள். மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று இரண்டே நாளில் மத்திய அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. ஆனாலும் அதிலிருந்த இந்த ஒரு வரி இன்றைக்கும் நல்ல புத்திமதிதான்.

கோப்பைப் பற்றி ஓரளவு எல்லோரும் பேசுகிறார்கள். கோப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் குறிப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கம்ப்யூட்டர் ஒரு கோப்பைச் சேமிக்கும்போது அதன் உள்ளடக்கத்தைத் தொடாமல், வெளியே தனியாகச் சில விவரங்களை அதோடு கட்டிவைக்க முடியும். உத்திரமேரூர் கல்வெட்டு இதற்குத் தோதான உதாரணம். முதலாம் பராந்தகன் காலத்தில், பொ.ஆ. 921-இல் வெட்டப்பட்ட அந்தக் குடவோலை விதிகளில், முப்பது குடும்புகளின் (ஊர்ப் பிரிவுகளின்) ஓலைகளையும் தனித்தனியாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு வாயோலை கட்டச் சொல்லியிருக்கிறது. உள்ளே இருப்பவை ஆட்களின் பெயர்கள். மேலே இருக்கும் வாயோலை, கட்டு எந்தக் குடும்புடையது என்று சொல்லும். கோப்புக்கும் இப்படி ஒரு வாயோலை உண்டு. லினக்ஸிலும் ஆப்பிள் கணினியிலும் நீட்டிக்கப்பட்ட பண்புகள் என்ற பெயரில் இருக்கிறது. விண்டோஸில் 'ஸோன் ஐடென்டிஃபையர்' என்ற பெயரில், 2004-இல் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக்கில் வந்தது.

அதில் என்ன எழுதியிருக்கும்? விண்டோஸ் கம்ப்யூட்டரில் கோப்பு இணையத்திலிருந்து வந்தது என்பதற்கு அடையாளமாக 3 என்ற எண் இருக்கும். விண்டோஸ் 10 முதல், பல சமயம் அது எந்த முகவரியிலிருந்து வந்தது, எந்தப் பக்கத்தில் க்ளிக் செய்தார்கள் என்பதும் சேர்ந்திருக்கும். கோப்பைத் திறந்து பார்த்தால் இது கண்ணில் படாது. கமாண்ட் விண்டோவில் டிர் கட்டளையோடு ஆர் சுவிட்சைச் சேர்த்துப் போட்டால் ஒவ்வொரு கோப்பின் கீழும் இன்னொரு வரி எட்டிப் பார்க்கும்.

'முகவரிதானே, இருந்துவிட்டுப் போகட்டும்' என்று விட முடியாது. சில இணைப்புகள் வெறும் முகவரி அல்ல, சாவியும் கூட. 'லிங்க் உள்ளவர் யாரும் பார்க்கலாம்' என்று பகிர்ந்த டிரைவ் ஃபோல்டர், பாஸ்வேர்டு கேட்காமலே திறக்கும் மருத்துவ அறிக்கை லிங்க், முகவரிக்குள்ளேயே யூசர்நேமும் பாஸ்வேர்டும் சேர்த்து எழுதிய பழைய பாணி இணைப்பு எல்லாம் அந்த வகை. 2018 டிசம்பரில் இப்படி ஒன்று வெளியே தெரிந்தது. லினக்ஸில் கோப்புகளை இறக்கப் பயன்படும் 'டபிள்யூகெட்' என்ற கருவி, இணைப்பை அப்படியே, பாஸ்வேர்டோடு சேர்த்து, கோப்பின் பண்புகளில் எழுதி வைத்துக்கொண்டிருந்தது. குரோம் பிரவுசரும் லினக்ஸில் கிட்டத்தட்ட இதையே செய்தது. டபிள்யூகெட் 1.20.1 பதிப்பிலும் குரோம் 72-ஆம் பதிப்பிலும் சரிசெய்தார்கள். அதே கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பைப் படிக்க முடிந்த எவரும் அந்தப் பாஸ்வேர்டையும் படித்திருக்கலாம். இதை எழுதிய புரோகிராமர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கோப்பு எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு தெரிந்தால் உபகாரமாக இருக்கும் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் கவனிக்க: பண்பில் முகவரி எழுதினால், கேள்விக்குறிக்குப் பிறகு வருவதையும் பாஸ்வேர்டையும் வெட்டிவிட்டு எழுதுங்கள்.

இந்தக் குறிப்பு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கோப்போடு பயணம் செய்யாது. சாதாரணப் பென்டிரைவில் நகலெடுத்தாலும் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ஆக ஆபத்து, இறக்கிய கம்ப்யூட்டரிலேயேதான். அதாவது, கடையில். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போகும், பழசானதும் விலைக்குப் போகும்.

குறிப்பை எல்லா இடத்திலும் அழித்துவிட்டால் நிம்மதி என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் அதுவே காவலும் காக்கிறது. இணையத்திலிருந்து வந்த எக்ஸல், வேர்டு கோப்புகளில் மேக்ரோ (உள்ளே ஒளிந்து தானாக ஓடும் கட்டளைகள்) ஓடக்கூடாது என்று 2022 முதல் மைக்ரோசாஃப்ட் தடுக்கிறதே, அது இந்தக் குறிப்பைப் பார்த்துத்தான். மோசடிக்காரர்களுக்கும் இது தெரியும். குறிப்பு ஒட்டாமல் நழுவும்படி கோப்பை ஐஎஸ்ஓ, ஜிப் பொட்டலத்தில் அடைத்து அனுப்பினார்கள். 2022 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அதற்குத் திருத்தம் கொடுத்தது. பல கடைகளில் இருக்கும் 7-ஜிப் மென்பொருளிலும் இதே ஓட்டை இருந்தது, 24.09 பதிப்பில் அடைத்தார்கள். பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே மாற்றுவது நல்லது. கோப்பின் பிராப்பர்ட்டீஸில் 'அன்பிளாக்' என்று ஒரு கட்டம் வரும். போனில் யாரோ "சார், அதை டிக் பண்ணுங்க, அப்பதான் ஓப்பன் ஆகும்" என்று சொன்னால், அந்த இடத்திலேயே போனை வையுங்கள். பிஎம் கிசான் பெயரிலும் போக்குவரத்து அபராதம் பெயரிலும் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளும் இதே ரகம்தான்: 'தெரியாத இடத்து ஆப்பை நிறுவ அனுமதி' என்று போன் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

போட்டோ கதை கொஞ்சம் வேறு. எடுத்த நேரமும், போனில் லொகேஷன் போட்டிருந்தால் எடுத்த இடமும், படத்தின் உள்ளேயே பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். வீட்டில் எடுத்த பிள்ளைகள் படத்தை டாக்குமென்டாக அனுப்பாதீர்கள். கல்குவாரி லாரி ரோட்டை உடைக்கிறது என்று மனு கொடுக்கப் போகிறீர்களா, அப்போது டாக்குமென்டாகவே அனுப்புங்கள்; இடமும் நேரமும் உங்கள் பக்கம் பேசும்.

இனி உரிமை. ஜெராக்ஸ் கடைக்கெல்லாம் சட்டமா என்று சிரிக்க வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43ஏ பிரிவு, தனி ஆள் நடத்தும் வியாபாரத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. வங்கிக் கணக்கு, கார்டு, கைரேகை, மருத்துவ விவரம் போன்றவற்றை அலட்சியமாக வைத்திருந்து உங்களுக்கு நஷ்டம் வந்தால் இழப்பீடு கேட்கலாம். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பவர் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர். இந்த வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. இதன் இடத்துக்கு வருவது, 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு, 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. வேலை முடிந்ததும் தரவை அழிக்க வேண்டும், கேட்டால் என்ன வைத்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டும், பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது அது. கிராமத்துக் கடைக்கு யாரும் 250 கோடி போடப்போவதில்லை. ஆனால் "அழிச்சிடுங்கண்ணா" என்று சொல்வது தயவு கேட்பதல்ல என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

கடையில் நிற்கும்போதே செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முழு எண் தேவையில்லாத இடத்துக்கு, கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை எடுக்கச் சொல்லுங்கள். பிரிண்ட் ஆனதும் டவுன்லோட் ஃபோல்டரில் கோப்பைத் தேர்ந்து, ஷிஃப்டும் டெலிட்டும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். வெறும் டெலிட் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். ஷிஃப்டோடு அழித்தால் விண்டோஸில் ஒட்டியிருந்த குறிப்பும் கோப்போடு சேர்ந்தே போய்விடும். பிரவுசரின் டவுன்லோட் பட்டியலையும் காலி செய்யச் சொல்லுங்கள். இன்காக்னிட்டோவில் திறந்தாலும், இறக்கிய கோப்பு அங்கேயே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். இ-சேவை மையத்தில் மறுத்தால் மாநில அரசின் குறைதீர் எண் 1100-க்கு அழைக்கலாம், இல்லாவிட்டால் காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். கைரேகை பற்றிப் பயம் இருந்தால் எம்ஆதார் ஆப்பில் பூட்டி வைக்கலாம். ஆதார் உதவி எண் 1947.

ஏமாந்துவிட்டால்? பணம் போயிருந்தால் முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பிறகு புகார்: சாலவாக்கம் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், மாவட்ட சைபர் கிரைம் பிரிவிலும் கொடுக்கலாம். எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. ஆள்மாறாட்டத்துக்கும் அடையாளத் திருட்டுக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு.

ஆத்திரத்தில் பலர் மோசடிக் கோப்பை அழித்துவிடுகிறார்கள், அல்லது நண்பருக்கு அனுப்பி 'இது என்னன்னு பாரு' என்கிறார்கள். இரண்டும் வழக்குக்கு உதவாது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுச் சான்றோடு, கோப்பின் கைரேகை போன்ற ஹேஷ் எண்ணைக் குறித்த சான்றிதழ் வேண்டும். அந்த எண் கோப்பின் உள்ளடக்கத்துக்கு மட்டுமே கணக்கிடப்படுகிறது. வெளியே ஒட்டியிருக்கும் குறிப்பு அதில் சேராது. கோப்பு எந்தத் தளத்திலிருந்து வந்தது என்பதற்கான தடயமோ அந்தக் குறிப்பில்தான் இருக்கும். பென்டிரைவில் நகலெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஹேஷ் சரியாக இருக்கும், முகவரி காணாமல் போயிருக்கும். எனவே இறக்கிய போனையோ கம்ப்யூட்டரையோ அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். அது முடியாவிட்டால் பிராப்பர்ட்டீஸ் பக்கத்தையும் பிரவுசரின் டவுன்லோட் பட்டியலையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, புகாரோடு சேர்த்துக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.