தலையாட்டிக்குக் காகிதம் எதற்கு?

எதைச் சொன்னாலும் ஆமாம் போடுகிறவரைத் ‘தஞ்சாவூர் பொம்மை’ என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பொம்மையை உற்றுப் பார்க்க மறந்துவிட்டோம். கொலுப்படியில் ஒன்பது நாள் இருந்துவிட்டுப் பரணுக்குப் போகிற பண்டம் என்பதுதான் இன்றைக்கு அதற்கு இருக்கிற மதிப்பு. அதே காகிதமும் அட்டையும் உலகத்துக் கலைக்கூடங்களில் சிற்பப் பொருளாக மரியாதையோடு நிற்கின்றன. பெய்ஜிங்கைச் சேர்ந்த லீ ஹோங்போ ஆயிரக்கணக்கான தாள்களை ஒட்டி, பளிங்குச் சிலை என்றே நம்பவைக்கும் தலைகளைச் செதுக்குகிறார். பிடித்து இழுத்தால் அவை துருத்திபோல் நீள்கின்றன. ஜெர்மனியின் தாமஸ் டெமாண்ட் முழு அறைகளையே தாளாலும் அட்டையாலும் கட்டிப் படம் எடுக்கிறார். அவை சமகாலச் சிற்பம். தஞ்சாவூரிலும் புன்னைநல்லூரிலும் செய்வது மட்டும் விளையாட்டுச் சாமான். கல்லும் வெண்கலமும் வாங்க வழியில்லாதவர் கையில் எடுத்த மலிவான மாற்றுப் பொருள்தான் காகிதம் என்ற நினைப்பே இந்தப் பாகுபாட்டுக்குக் காரணம். அது தவறு. தஞ்சாவூர் பொம்மைக்குள் காகிதம் வந்தது விலைக்காக மட்டுமல்ல. எடை குறைந்த ஒரு பொருள் இல்லாமல் அந்தச் சிற்பம் நிற்கவே நிற்காது.

கவிழ்த்தாலும் எழுந்து நிற்கும் ராஜா ராணி பொம்மையை எடுத்துக்கொள்வோம். அடிப்பாகம் அரைத் தேங்காய் போல் உருண்டை, உள்ளே களிமண். மேலே உடலும் தலையும் காகித ஓடு, உள்ளே வெறுமை. பொம்மை முழுவதன் எடைமையம் அடியுருண்டையின் மையத்துக்குக் கீழே இருக்கும்வரை, எந்தப் பக்கம் சாய்த்தாலும் எடைமையம் மேலே ஏறும். புவியீர்ப்பு அதைத் திரும்பக் கீழே இழுக்கும்போது பொம்மை நிமிரும். உத்தேசமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடியுருண்டையின் ஆரம் 5 செ.மீ. என்றால் அதில் சுமார் 450 கிராம் களிமண் பிடிக்கும். அதன் எடைமையம் உருண்டை மையத்துக்கு ஏறத்தாழ 1.9 செ.மீ. கீழே. மேலுடலின் எடைமையம் 6 செ.மீ. உயரத்தில் இருந்தால், அது சுமார் 140 கிராமைத் தாண்டக் கூடாது. இரண்டரை மில்லிமீட்டர் கனத்தில், ஒரு சாண் உயரத்துக்கும் குறைவான காகித ஓடு 50 கிராம் அளவில்தான் வரும். அதே உருவத்தை அரை செ.மீ. கனமுள்ள மண் ஓடாகச் செய்தால் 270 கிராம்; பொம்மை சாய்ந்தபடியே கிடக்கும். கட்டை மரத்தில் கடைந்தாலும் அதே கதிதான். கீழே மண்ணும் மேலே காகிதமும் சேர்ந்ததால்தான் அது எழுந்து நிற்கிறது. ஒரே பொருளால், உள்ளே பள்ளமோ பாரமோ வைக்காமல், ஒரே ஒரு நிலையான சமநிலையும் ஒரே ஒரு நிலையற்ற சமநிலையும் கொண்ட குவிந்த உருவம் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு ஹங்கேரியின் கணித அறிஞர்கள் 2006இல்தான் ‘கோம்போட்ஸ்’ என்ற வடிவத்தைக் காட்டி விடை சொன்னார்கள். அதன் வளைவில் துளி பிசகினாலும் வேலை செய்யாது. தஞ்சைக் கைவினைஞர் இரண்டு பொருள்களைச் சேர்த்து அந்தச் சிரமத்தையே தவிர்த்துவிட்டார். தலையும் இடுப்பும் தனித்தனியே கம்பியில் அமர்ந்து ஆடும் நாட்டியப் பொம்மையிலும் இதே நியாயம்தான்: மேல்பாகம் லேசாக இருந்தால்தான் விரல் பட்டதும் ஆடும். ஆட்டக்காரர் கட்டைக்காலில் நின்றபடி இடுப்பில் மாட்டிக்கொள்ளும் பொய்க்கால் குதிரையும் அட்டையும் காகிதமும் இல்லாமல் துள்ளாது.

காகிதத்துக்கு இந்த உறுதி எங்கிருந்து வருகிறது? தாளைத் தண்ணீரில் ஊறவைத்தால் செல்லுலோஸ் இழைகள் பிரிந்து நெகிழும். உலரும்போது இழைகளுக்கு நடுவே இருக்கும் நீர் தன் பரப்பு இழுவிசையால் அவற்றை நெருக்கி இழுக்கிறது. நீர் போன பிறகு இழைகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. பசை அந்தப் பிடியை இன்னும் இறுக்குகிறது. பட்டறையில் நடப்பதும் இதுதான். மைதா அல்லது மரவள்ளி மாவைக் காய்ச்சிய பசையில் மயில்துத்தம் கலக்கிறார்கள். பசை தடவிய தாளை இரண்டு பாதி அச்சுகளில் அடுக்கடுக்காக அழுத்தி, உலர்ந்ததும் பாதிகளை ஒட்டி, வெயிலில் காயவைத்து, வெள்ளை பூசி, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் தீட்டுகிறார்கள். மயில்துத்தம் என்பது காப்பர் சல்ஃபேட். பூச்சியும் பூஞ்சையும் மாவுப் பசையை அண்டாமல் காப்பது அதுதான்.

இந்த மயில்துத்தம் நவீனக் கலை வரலாற்றிலும் தலைகாட்டுகிறது. அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரௌஷன்பெர்க் 1975இல் அகமதாபாத்துக்கு வந்து, காந்தி ஆசிரமத்தைச் சேர்ந்த கைக்காகித ஆலையில் வேலை செய்தார். அங்கே அவர் ‘யூனியன்ஸ்’ வரிசைக்குக் கையாண்ட கலவையில் காகிதக் கூழ், வெந்தயப் பொடி, புளியங்கொட்டை மாவு, சுண்ணப் பொடி, பிசின், காப்பர் சல்ஃபேட் எல்லாம் இருந்தன. அவர் தஞ்சாவூரிலிருந்து கற்றார் என்று சொல்ல வரவில்லை. இந்தியக் கைவினைஞர்கள் நெடுங்காலமாக அறிந்த ஒரு வேதியியல், பெயர்பெற்ற கலைஞர் கைக்குப் போனதும் நவீனக் கலையானது என்பதே செய்தி. வங்கத்தின் சோம்நாத் ஹோர் 1970களில் செய்த ‘காயங்கள்’ வரிசையும் வெறும் வெள்ளைக் காகிதக் கூழ்தான். கீறியும் சுட்டும் உருவாக்கிய அச்சில் கூழை அழுத்தி எடுத்த அந்தத் தாள்களில் தசை கிழிந்த தடம் தெரிகிறது. கல்லில் வராத மென்மை அது.

அச்சில் வார்ப்பது எப்படிக் கலையாகும் என்று கேட்கலாம். வெண்கலமும் வார்ப்புதானே, ஹோரும் அச்சைத்தான் பயன்படுத்தினார். அச்சு உடலைத் தருகிறது. முகத்தின் பார்வையைத் தூரிகைதான் தருகிறது. ஈரம் பட்டால் போய்விடுமே என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். உண்மைதான். தண்ணீர் சேர்த்த பிணைப்பைத் தண்ணீரே பிரிக்கும். காவிரி டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்று காகிதத்துக்குப் பகை. வண்ணமும் மெருகெண்ணெயும் ஓரளவே காக்கும். ஆனால் நெடுநாள் கிடப்பது ஒன்றுதான் சிற்பத்தின் தகுதி என்றால், ஆண்டுதோறும் ஆற்றில் கரைக்கும் களிமண் பிள்ளையாரையும் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் இதே வேலையைச் செய்யாதா என்றும் கேட்பார்கள். செய்யும், எடைக் கணக்கு அதற்கும் பொருந்தும். ஆனால் விரிசல் விட்ட பிளாஸ்டிக் ஓட்டை வீட்டில் சரிசெய்வது எளிதல்ல. காகிதத்தில் விரிசலுக்கு மேல் ஒரு தாள் ஒட்டினால் பழைய இழையும் புதிய இழையும் பிணைந்துகொள்ளும். 2008-09இல் கிடைத்த புவிசார் குறியீடு பெயரைத்தான் காக்கிறது; இந்தப் பொருளறிவைக் கலைக்கல்லூரிகள்தான் எடுத்து வளர்க்க வேண்டும்.

பெரிய கோயில் நிற்கிற ஊரில் காகிதத்தைச் சிற்பப் பொருள் என்று சொல்வது சிலருக்கு முரணாகத் தோன்றலாம். ஆனால் டெல்டாவின் வண்டலில் கருங்கல் கிடையாது. 1010இல் முடிந்த அந்தக் கோயிலுக்கான பாறை அத்தனையும் வெளியிலிருந்து வந்தது. மண்ணும் நாருமே இந்த நிலத்தின் சொந்தச் சிற்பப் பொருள். வெண்கலம் வார்க்கும் சுவாமிமலைச் சிற்பிகள் மெழுகு உருவத்தின்மேல் பூசுவதும் காவிரியின் வண்டல்தான். நாருக்கும் பஞ்சமில்லை, ஒவ்வொரு அறுவடையிலும் வைக்கோல் குவிகிறது. அதில் மணற்சத்தான சிலிக்கா அதிகம், இழையும் குட்டை. அதனால் பெரிய காகித ஆலைகளுக்கு அது தலைவலி. ஆனால் எழுதும் தாளுக்கு வேண்டிய இழுவலிமை, அச்சில் அழுத்தி உலர்த்தும் ஓட்டுக்குத் தேவையில்லை. சீனாவின் அன்ஹுய் மாநிலத்தில் ஓவியத்துக்கான ஷுவான் தாளை மரப்பட்டை நாரோடு நெல் வைக்கோலைச் சேர்த்தே செய்துவருகிறார்கள். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, வேகவைத்து, இடித்த வைக்கோல் கூழைப் பழைய தாளோடு எந்த விகிதத்தில் கலந்தால் இரண்டரை மில்லிமீட்டர் ஓடு வெடிக்காமல் உலரும் என்பதைத் தஞ்சாவூர்ப் பட்டறை ஒன்றிலேயே ஒரு கோடைக்குள் சோதித்துவிடலாம்.