நான்கு நாள் விடுமுறையும் வீட்டு நோயாளியும்

கட்டுப்பாடுகள் விலகியபின் வந்த முதல் நீண்ட விடுமுறை அது. 2022 ஏப்ரல் 14 வியாழன் சித்திரைத் திருநாள், மறுநாள் புனித வெள்ளி, ஞாயிறு ஈஸ்டர். உறவினர் வருவர், கோமுகி அணைக்கும் கல்வராயன் மலைக்கும் பயணங்கள் அமையும். இம்மகிழ்ச்சியில் நோயாளியை மட்டும் உள்ளறையில் ஒதுக்கிவைத்தல் தகாது என்பதே எங்கள் கருத்து. ஈராண்டுத் தனிமையே அவர்களுக்குப் போதும்.

கொரோனா தொற்றியவர், அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே அதைப் பிறருக்குப் பரப்பக்கூடும். ஆகவே நலமாகத் தோன்றும் விருந்தினரை மட்டும் அழைத்தல் முழுப் பாதுகாப்பாகாது, இடமே முக்கியம். பேச்சிலும் மூச்சிலும் வெளிப்படும் நுண்துளிகள் சன்னல் அடைத்த அறையிலும் குளிரூட்டிய வேனிலும் நெடுநேரம் மிதக்கும். திறந்தவெளியில் காற்று அவற்றை விரைவில் கலைத்துவிடும். எனவே விருந்தைத் திண்ணையிலோ மரநிழலிலோ வையுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்வோரும் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரும் அங்கேயே உடன் அமரட்டும். அருகிருந்து பேசுவோர் முகக்கவசம் அணிதல் நலம். பேரக்குழந்தை தாத்தாவின் மடியேறுவதை யாரால் தடுக்க இயலும்? சளி, இருமல் உள்ள குழந்தையை மட்டும் அன்று விலக்கிவையுங்கள்.

விடுமுறையை முன்னிட்டு டயாலிசிஸ் நாளைத் தள்ளிப்போட வேண்டாம். 2022 ஏப்ரலில், இரண்டாம் தடுப்பூசி செலுத்தி ஒன்பது மாதம் கடந்த, 60 வயது நிறைந்தோர் முன்னெச்சரிக்கைத் தவணையை அரசு மையங்களில் இலவசமாகப் பெற முடிந்தது. விருந்துக்குப் பின் எவருக்கேனும் காய்ச்சல் கண்டால், உடனிருந்தோர் அனைவருக்கும் தெரிவித்து, நோயாளியை முதலில் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.