உங்களுக்குத் தெரியுமா? எல்லாத் தரப்பும் சம்மதித்தால்தான் இந்த நீதிபதி தீர்ப்புச் சொல்லலாம்!

மாஜிஸ்திரேட் என்றதும் நமக்கு ரிமாண்டும் ஜாமீனும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்களிலோ ‘மாஜிஸ்திரேட் ஜட்ஜ்’ ஒரு சிவில் வழக்கை ஜூரி விசாரணை உட்பட தீர்ப்பு வரைக்கும் நடத்தலாம். ஆனால் வழக்கின் எல்லாத் தரப்பும் சம்மதிக்க வேண்டும். 1979 சட்டத் திருத்தம் தந்த வழி இது.

சம்மதம் எதற்கு? ஃபெடரல் மாவட்ட நீதிபதியை ஜனாதிபதி நியமிக்கிறார், செனட் உறுதிசெய்கிறது. அது ஆயுட்காலப் பதவி. முழுநேர மாஜிஸ்திரேட் ஜட்ஜை மாவட்ட நீதிபதிகளே 8 ஆண்டுகளுக்கு நியமிக்கிறார்கள். யாராலும் எளிதில் நீக்க முடியாத நீதிபதி முன் வழக்காடுவது அரசியல் சட்டம் தந்த உரிமை. அதை விட்டுக்கொடுப்பது அவரவர் விருப்பமாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தச் சம்மதத்துக்கான படிவத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு குறிப்பு: சம்மதம் என்றால் மட்டும் நீதிமன்ற எழுத்தரிடம் கொடுங்கள், நீதிபதியிடம் கொடுக்காதீர்கள். மறுத்தவர் யார் என்பது நீதிபதிக்குத் தெரியவே கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. எளிய மனுதாரருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு என்ன வேண்டும்?

சம்மதிப்பதில் ஒரு லாபமும் உண்டு. பெருங்குற்ற வழக்குகளின் விசாரணை மாஜிஸ்திரேட் ஜட்ஜ்களிடம் வராது. அதனால் அவற்றுக்காகச் சிவில் வழக்குக்குக் குறித்த தேதி தள்ளிப்போவது குறைவு. ஒன்றில் மட்டும் கவனம் தேவை: படிவத்தில் கையெழுத்திடாமலேயே, உரிமை தெரிந்தும் விசாரணையில் கலந்துகொண்டால் அதுவும் சம்மதமாகலாம் என்று 2003-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.